'எல்எஸ்' எங்கே போயிற்று?

லினக்ஸ் கணிப்பொறியின் கட்டளைத் திரையில் 'எல்எஸ்' என்று தட்டினால் கோப்புகளின் பெயர்கள் வரிசையாக வரும். ஒரு நாள் எனக்கு, 'அப்படி ஒரு கட்டளை இல்லை' என்ற பதில் வந்தது. கணிப்பொறியே கெட்டுவிட்டது என்று பயந்து போனேன். எதுவும் கெடவில்லை. முதல் நாள் இரவு நான் எழுதி வைத்த ஒரே ஒரு வரிதான் காரணம்!

நாம் தட்டுவதைப் படித்து, உரிய நிரலைத் தேடி ஓடவிடுவது 'ஷெல்' என்னும் நிரல். லினக்ஸ் கணிப்பொறிகள் பலவற்றில் இருப்பது 'பேஷ்' என்ற ஷெல். இது 1989-இல் வெளிவந்தது. முதலில் எழுதியவர் பிரையன் ஃபாக்ஸ். 'எல்எஸ்' என்பதும் வட்டில் எங்கோ கிடக்கும் ஒரு கோப்புதான். எங்கே என்று பேஷுக்கு எப்படித் தெரியும்? 'பாத்' என்ற பெயரில் அதனிடம் ஒரு பட்டியல் உண்டு. அதில் கோப்புறைகளின் பெயர்கள் முக்காற்புள்ளியால் பிரிக்கப்பட்டிருக்கும். பேஷ் அவற்றில் ஒவ்வொன்றாகத் தேடும்.

பட்டியலைத் திரையிலேயே மாற்றலாம். ஆனால் சன்னலை மூடியதும் மாற்றம் போய்விடும். நிலைக்க வேண்டுமானால், பேஷ் ஒவ்வொரு புதிய சன்னலிலும் தொடங்கும்போது படிக்கும் 'பேஷ்ஆர்சி' என்ற கோப்பில் எழுத வேண்டும். அது உங்கள் வீட்டுக் கோப்புறையில்தான் இருக்கிறது. பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி இருப்பதால் 'எல்எஸ்' அதைக் காட்டாது. 'எல்எஸ் -ஏ' என்றால் காட்டும். (வால்போல ஒட்டியுள்ள 'ஆர்சி', 1960-களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கணிப்பொறியில் இருந்த 'ரன்காம்' என்ற வசதியின் மிச்சம்.)

என் கோப்புறையையும் பட்டியலில் சேர்க்க விரும்பி, 'பாத்=என் கோப்புறை' என்று எழுதிவிட்டேன். சேர்க்கவில்லை; பழைய பட்டியலையே அழித்துவிட்டேன்! 'பாத்=$பாத்:என் கோப்புறை' என்றல்லவா எழுதியிருக்க வேண்டும்? டாலர் குறி, 'இதுவரை உள்ள பட்டியல்' என்று பொருள் தரும்.

வேடிக்கை என்னவென்றால், 'சிடி' மட்டும் ஒழுங்காக வேலை செய்தது. அது தனிக் கோப்பு அல்ல, பேஷுக்குள்ளேயே அமைந்த கட்டளை. அதைக் கண்டதும்தான் கோளாறு தேடும் பட்டியலில் என்று புரிந்தது. பட்டியல் இல்லாவிட்டால் என்ன, முழு முகவரியைக் கொடுக்கலாமே! '/யூஎஸ்ஆர்/பின்/நானோ' என்று தட்டினேன். எழுதுதிரை திறந்தது. வரியைத் திருத்திப் புதிய சன்னலைத் திறந்தேன், 'எல்எஸ்' வந்துவிட்டது.

நீங்களும் அந்தக் கோப்பில் கைவைக்குமுன் ஒரு நகல் எடுத்துக் கொள்ளுங்கள். திருத்திய பிறகு பழைய சன்னலை மூடிவிடாமல், இன்னொன்றைத் திறந்து சோதியுங்கள்.