சன்னிவேல் எந்த ஊரின் புறநகர்?

அம்பத்தூர் எந்த ஊரின் புறநகர் என்று கேட்டால் யாரும் யோசிக்க மாட்டார்கள். 2011இல் அந்த நகராட்சியே சென்னை மாநகராட்சிக்குள் கரைந்துவிட்டது. திருவொற்றியூருக்கும் மாதவரத்துக்கும் அதே கதைதான். கலிபோர்னியாவின் சன்னிவேலைப் பற்றி இதே கேள்வியைக் கேட்டால் பதில் சட்டென்று வராது. வடமேற்கே சுமார் 60 கிலோமீட்டரில் சான் பிரான்சிஸ்கோ, தென்கிழக்கே கூப்பிடு தூரத்தில் சான் ஹோசே; இரண்டுக்கும் சன்னிவேல் கட்டுப்பட்டதில்லை. பே ஏரியா என்று நாம் ஒற்றைப் பெயரில் சொல்லும் பெருநகரப் பகுதியில் 9 கவுண்டிகள், 101 நகராட்சிகள். 2020 மக்கள்தொகைக் கணக்கில் 77 லட்சம் பேருக்கு மேல். அதில் சன்னிவேலின் பங்கு 1,55,805. ஒவ்வொரு ஊருக்கும் தனி நகரமன்றம், தனி வரவுசெலவு, எந்த நிலத்தில் எதைக் கட்டலாம் என்று சொல்லும் தனி விதி. சிலிக்கான் சில்லுகள் கட்டிய நகரம் என்று இந்தப் பகுதியைச் சொல்வது வழக்கம். வேலையைக் கொண்டுவந்தது சிலிக்கான் என்பது சரி. ஆனால் அந்த வேலைக்கு வந்தவர் எங்கே குடியிருக்கலாம் என்பதை இந்த 101 எல்லைக்கோடுகளே முடிவு செய்திருக்கின்றன.

சன்னிவேல் வளர்ந்த விதத்தில் விசித்திரம் ஒன்றுமில்லை. தென் அமெரிக்காவின் சாவோ பாவ்லோ, காப்பித் தோட்டப் பணத்திலும் ரயில் பாதையிலும் வளர்ந்து, பிறகு சாவோ பெர்னார்டோவின் கார் தொழிற்சாலைகளால் ஊதிப் பெருத்த ஊர். இங்கே காப்பிக்குப் பதில் செர்ரி, பிளம், ஆப்ரிகாட். 1864இல் சான் பிரான்சிஸ்கோவையும் சான் ஹோசேயையும் ரயில் இணைத்தது. 1906 நிலநடுக்கத்துக்குப் பின் ஹெண்டி இரும்பாலை சன்னிவேலுக்கு இடம்பெயர்ந்தது. அடுத்த ஆண்டு லிபி நிறுவனத்தின் பழம் பதப்படுத்தும் ஆலை வந்தது. ஆலை போய்விட்டது. பழக்கலவை டப்பாவின் லேபிளைப் போல வண்ணம் தீட்டிய அதன் தண்ணீர்த்தொட்டி மட்டும் அலுவலகக் கட்டடங்களுக்கு நடுவே இன்றும் நிற்கிறது. 1933இல் ஆகாயக் கப்பலுக்கான கடற்படைத் தளம், 1956இல் லாக்ஹீட் ஏவுகணைப் பிரிவு. 1950இல் பத்தாயிரத்தைத் தொடாத ஊர் 1960இல் 52,000ஐத் தாண்டியது. வேறுபாடு அமைப்பில்தான். சாவோ பாவ்லோவின் 39 நகராட்சிகளும் 1973ஆம் ஆண்டுச் சட்டத்தில் வேர்விட்ட ஒரே பெருநகர மண்டலம். நடுவே ஒரு தாய் நகரம் உண்டு. சென்னைக்கு நடுவே சென்னை இருக்கிறது. பே ஏரியாவுக்கு நடுவே இருப்பது உப்புத் தண்ணீர்.

தாய் நகரமாகும் முயற்சி நடக்காமல் இல்லை. 1950 முதல் 1969 வரை சான் ஹோசேயின் நகர மேலாளராக இருந்த டச் ஹாமன், சுற்றியிருந்த தோப்புகளைத் துண்டு துண்டாக ஊருக்குள் சேர்த்தார். 17 சதுர மைல் ஊர் 130 சதுர மைலைத் தாண்டியது. பக்கத்தில் இருந்தவர்கள் பயந்துபோய்த் தங்கள் ஊர்களை அவசரமாக நகராட்சிகளாகப் பதிவு செய்துகொண்டார்கள். ஆப்பிள் நிறுவனத்தால் உலகமறிந்த குப்பர்டினோ 1955இல் நகராட்சியானது இந்தப் பின்னணியில்தான். சான் ஹோசேக்குக் கிடைத்தது பெரும்பாலும் வீடுகள். அலுவலகங்கள் அக்கம்பக்கத்து ஊர்களுக்குப் போயின. அமெரிக்காவின் பெருநகரங்களில் பகலில் ஆள் குறையும் நகரம் என்ற பெயரை அது நெடுங்காலம் சுமந்தது.

1978இல் கலிபோர்னிய வாக்காளர்கள் ஏற்ற 13ஆம் முன்மொழிவு, ஊர்களுக்கிடையிலான இந்தப் போட்டிக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தது. சொத்து வரி, வாங்கிய விலையில் ஒரு சதவீதம். மதிப்பு ஆண்டுக்கு அதிகபட்சம் இரண்டு சதவீதம்தான் ஏறலாம். கைமாறும்போதுதான் புது மதிப்பு. ஒரே தெருவில், ஒரே மாதிரி, ஒட்டி ஒட்டி நிற்கும் இரண்டு வீடுகளில், எழுபதுகளில் வாங்கியவர் கட்டும் வரி, போன ஆண்டு வாங்கிய இளம் பொறியாளர் கட்டுவதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. நகராட்சிக்கோ இந்த வரியில் சிறு பங்குதான் சேரும். வீடு வந்தால் பூங்காவும் நூலகமும் கேட்கும் குடும்பங்கள் வரும். கடை வந்தால் விற்பனை வரி, அலுவலகம் வந்தால் மாலை ஆறு மணிக்குக் கிளம்பிப் போய்விடும் ஆட்கள். எந்த நகரமன்றமும் எதை விரும்பும் என்று சொல்ல வேண்டியதில்லை.

குடிகளின் சேர்மானத்திலும் இந்தக் கோடுகளின் வேலை உண்டு. ஃபோர்டு நிறுவனம் வடக்கே தொலைவிலுள்ள ரிச்மண்டில் இருந்த தன் ஆலையைச் சான் ஹோசேக்குப் பக்கத்து மில்பிடாஸுக்கு மாற்றுவதாக அறிவித்ததும், 1954இல் மில்பிடாஸ் நகராட்சியானது. கையோடு அடுக்குமாடி கூடாது, தனி வீடுகள் மட்டும் என்று அவசர விதி போட்டது. ஆலை 1955இல் திறந்தது. கறுப்பினத் தொழிலாளர்களுக்கோ பக்கத்தில் வீடு கிடைக்கவில்லை. பலர் ரிச்மண்டிலிருந்தே நாள்தோறும் வந்து போனார்கள். 1965 குடியேற்றச் சட்டமும் 1990இன் ஹெச்1பி விசாவும் ஆசியர்களுக்குக் கதவைத் திறந்தன. சன்னிவேலில் இன்று ஏறத்தாழ பாதிப்பேர் ஆசியர். எல் கமினோ ரியல் சாலையில் இட்லி, தோசைக்காக யாரும் அலைய வேண்டியதில்லை. ஆனால் கிரீன் கார்டில் ஒரு நாட்டுக்கு ஏழு சதவீத உச்சவரம்பு இருப்பதால், இந்தியாவில் பிறந்தவர் பல பத்தாண்டுகள் வரிசையில் நிற்கிறார். குடியுரிமை இல்லாமல் வாக்கில்லை. பக்கத்து மனையில் நான்கு மாடி எழும்பலாமா என்று முடிவு செய்யும் மன்றத்தைத் தேர்ந்தெடுப்பதில், பழைய வரி கட்டும் பழைய வீட்டுக்காரருக்கு இருக்கும் பலம், அதே தெருவில் வாடகை கட்டும் தமிழ்க் குடும்பத்துக்கு இல்லை.

நிலமே இல்லை, ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மலை, வேறென்ன செய்வது என்பார்கள். சான் ஹோசேயில் குடியிருப்பு நிலத்தில் 94 சதவீதம் ஒற்றைக் குடும்ப வீட்டுக்கென ஒதுக்கப்பட்டிருந்தது; மலை போட்ட விதியல்ல அது. சிறிய ஊர் என்றால் நிர்வாகம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் என்பது இன்னும் வலுவான மறுப்பு. அதில் உண்மை இருக்கிறது. காவலும் தீயணைப்பும் ஒரே துறை, ஒரே ஆள் இரண்டுக்கும் பயிற்சி பெற்றவர் என்ற ஏற்பாட்டை 1950 முதல் நடத்திவரும் ஊர் சன்னிவேல். பெரிய மாநகராட்சியில் அப்படிச் செய்துபார்ப்பது எளிதல்ல. ஒரே பெருநகர அதிகாரம் நியாயமாக நடக்கும் என்பதற்கும் உத்தரவாதமில்லை. சென்னையின் ஏழைகளை மறுகுடியமர்வுப் பகுதிகளான கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பிவைத்தது அதிகாரம் சிதறிக் கிடந்ததால் அல்ல. ஆனால் கண்ணகி நகர்க்காரருக்கு யாரைக் கேட்பது என்பதாவது தெரியும். சன்னிவேலில் தரை துடைப்பவர் தொலைவிலுள்ள ஸ்டாக்டனிலிருந்து விடிவதற்கு முன் ரயிலேறி வருகிறார் என்றால், அவருக்கு வீடில்லாமல் போனதற்கு 101 ஊர்களில் ஒன்றும் பொறுப்பேற்காது. நகராட்சிகளின் கூட்டமைப்பு 1961 முதல் இருக்கிறது. நில விதியை மாற்றும் அதிகாரம் அதற்கில்லை. சன்னிவேல் இருக்கும் சான்டா கிளாரா கவுண்டி 1957இல் பே ஏரியாவின் பார்ட் ரயில் திட்டத்திலிருந்து விலகிக்கொண்டது. அந்த ரயில் சான் ஹோசேயின் வாசலைத் தொட 2020 ஆனது.

இப்போது நெருக்குவது மாநில அரசு. 2031க்குள் பே ஏரியாவுக்கு 4,41,176 வீடுகள் என்று அது கணக்கு வைக்க, நகராட்சிகளின் கூட்டமைப்பு அதை ஊர்ஊராகப் பங்கிட்டிருக்கிறது. சன்னிவேலுக்குக் கிட்டத்தட்ட 12,000. 2023 ஜூலையில் சன்னிவேல் மன்றம், லாக்ஹீட் காலத்திலிருந்து வேலைக்கு மட்டுமே என்றிருந்த மாஃபெட் பார்க்கில் 20,000 வீடுகள் வரை கட்டலாம் என்று திட்டம் நிறைவேற்றியது. அங்கே பெரிய நிலக்காரர்களில் ஒன்று கூகுள். சன்னிவேல், மவுண்டன் வியூ, சான் ஹோசே மூன்றிலும் சேர்த்து 15,000 வீடுகள் கட்ட லெண்ட்லீஸ் நிறுவனத்தோடு 2019இல் அது செய்திருந்த ஒப்பந்தம், திட்டம் நிறைவேறிய நான்காம் மாதமே, நவம்பரில், முறிந்தது.