நம் வீட்டுச் சுத்தம் எதுவரை?

திருநெல்வேலிச் சீமையில் பிறந்து, 1979-ஆம் ஆண்டில் கல்யாணமாகி பம்பாய்க்கு வந்தவள் நான். ஊரின் பெயர் 1995-ல் மும்பை என்று மாறிவிட்டாலும், பழைய கதையைச் சொல்லும்போது பம்பாய் என்றே வாயில் வருகிறது. கிறிஸ்தவ இல்லங்களில் சுத்தம், சுகாதாரம் பற்றி மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று சங்கத்து நண்பர்கள் கேட்டார்கள். "உங்கள் வீட்டைப் பார்த்தாலே போதுமே, நீங்களே எழுதுங்கள்" என்றார்கள். அந்தப் பாராட்டை முழுவதுமாக ஏற்றுக்கொள்ள எனக்குத் தகுதியில்லை. ஏன் என்பதைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

சனிக்கிழமை வேலை

எங்கள் ஊரில் சனிக்கிழமை வந்தாலே வீடு அமளிப்படும். ஆச்சி விடியற்காலையில் வாரியலைக் கையில் எடுத்தால், முற்றம், அடுக்களை, மாட்டுத்தொழுவம் என்று ஒரு மூலை மிச்சம் வைக்க மாட்டாள். பித்தளைப் பாத்திரங்களைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து வெயிலில் கவிழ்த்து வைப்போம். பிள்ளைகளுக்கு எண்ணெய்க் குளியல். நகம் வெட்டியிருக்கிறதா என்று கையை நீட்டச் சொல்லிப் பார்ப்பார்கள். மறுநாள் ஆராதனைக்குப் போட வேண்டிய வெள்ளை உடுப்பு மடித்துத் தயாராக இருக்கும். ஆண்டவருடைய சந்நிதிக்கு அழுக்காகப் போகக்கூடாது என்பது ஆச்சியின் சட்டம்.

அந்தச் சட்டத்தை அப்படியே பம்பாய்க்குக் கொண்டுவந்தேன். அங்கே எங்களுக்குக் கிடைத்தது சாலில் ஓர் அறை. மாமா, அத்தை, நாங்கள் இருவர், பிறகு மகள். தண்ணீர் காலையில் இரண்டு மணி நேரம்தான் வரும். கக்கூஸ் எல்லாருக்கும் பொது. ஆனாலும் எங்கள் அறைத் தரையில் சோற்றைக் கொட்டியே சாப்பிடலாம் என்று அக்கம்பக்கத்தார் சொல்வார்கள். அத்தைக்கு அதில் பெருமை. எனக்கும்தான்.

பின் ஜன்னல்

பம்பாயின் பழைய கட்டடங்களுக்குப் பின்னால் ஒரு குறுகிய சந்து இருக்கும். சாக்கடைக் குழாய்கள் இறங்குவதற்கும், துப்புரவுத் தொழிலாளர்கள் வந்துபோவதற்கும் விட்ட இடம். 'ஹவுஸ் கல்லி' என்பார்கள். எங்கள் பின் ஜன்னல் அதன் மேல்தான் திறக்கும். காய்கறித் தோல், மீன் கழிவு, வாரிய முடி, பழைய துணி எல்லாவற்றையும் ஒரு தாளில் சுருட்டி அந்த ஜன்னல் வழியாகப் போட்டுவிடுவோம். நாங்கள் மட்டுமல்ல, மூன்று மாடிக்காரர்களும் அப்படித்தான். ஜன்னலைச் சாத்தினால் வீடு சுத்தம்.

அந்தச் சந்தைச் சுத்தம் செய்ய ஒருவர் வருவார். காலில் செருப்புக்கூடச் சில நாள் இருக்காது. முழங்கால் அளவு குப்பையை இழுத்து வெளியே போடுவார். வேலை முடிந்ததும் எங்கள் வாசலருகே வந்து நிற்பார். அத்தை தேநீர் கொடுப்பார்கள். ஆனால் அதற்கென்று நெளிந்த அலுமினிய டம்ளர் ஒன்று ஜன்னல் விளிம்பில் தனியாக இருக்கும். அவர் குடித்துவிட்டு அதைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போக வேண்டும். அவரிடம் நாங்கள் அரைகுறை இந்தியில் பேசுவோம். அவர் முதுகைத் திருப்பியதும், "வாசப்படியில ரெண்டு சொம்பு தண்ணி ஊத்துட்டி" என்று அத்தை தமிழில் சொல்வார்கள். நானும் ஊற்றுவேன். ஏழு ஆண்டு அவர் எங்கள் வாசலுக்கு வந்தார். ஒருநாளும் அவர் பெயரைக் கேட்டதில்லை.

குழாயில் வந்தது

1986 மழைக்காலத்தில் ஆறு வயது மகளுக்குக் காய்ச்சல், வாந்தி. மூன்றாம் நாள் கண் மஞ்சளாகிவிட்டது. டாக்டர் பார்த்துவிட்டு மஞ்சள் காமாலை என்றார். அதே கட்டடத்தில் இன்னும் மூன்று பிள்ளைகளுக்கும் அப்படியே. "தண்ணீரில் மலக்கழிவு கலந்திருக்கிறது. கொதிக்க வைத்துத்தான் குடிக்கிறீர்களா?" என்று கேட்டார். துணியில் வடிகட்டியதோடு நிறுத்திக்கொண்டவர்கள் நாங்கள். "எங்கள் வீட்டிலா?" என்பதுதான் அத்தை கேட்ட முதல் கேள்வி. அந்த இரண்டு வாரம் பிள்ளை ஒரு வாய் கஞ்சிகூட நிற்காமல் சுருண்டு கிடந்ததை இப்போது நினைத்தாலும் வயிறு கலங்குகிறது.

ஒருநாள் காலையில் சந்தைச் சுத்தம் செய்தவர் வாசலில் நின்று, தேநீர் வாங்காமல், என்னைப் பார்த்துச் சொன்னார்:

"அம்மா, குழாயில ஓட்டை எங்க இருக்குதுன்னு எனக்குத் தெரியுமுங்க. நீங்க போடற குப்பைக்கு அடியில இருக்குது. சாக்கடை அடைச்சு அதுமேலதான் தேங்கி நிக்குது. ஆளைக் கூட்டியாங்க, காட்டறேன்."

சுத்தமான சேலத்துத் தமிழ்.

எனக்குக் கை கால் ஓடவில்லை. ஏழு ஆண்டாக அத்தை சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் அவருக்குப் புரிந்திருக்கிறது. புரிந்துகொண்டே டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அப்படி இருந்தும், எங்கள் பிள்ளைக்கு நோய் என்று தெரிந்ததும் வந்து சொல்கிறார்.

அவர் காட்டிய இடத்தில் துருப்பிடித்த குடிதண்ணீர்க் குழாயில் ஓட்டை இருந்தது. எங்கள் குப்பையால் சாக்கடை அடைத்து, கழிவு அதன்மேல் தேங்கியிருந்தது. நாள் முழுவதும் தண்ணீர் வரும் குழாயில் உள்ளிருக்கும் அழுத்தம் வெளி அழுக்கை உள்ளே விடாது. இரண்டு மணி நேரம் விட்டு நிறுத்தும் குழாயில், தண்ணீர் நின்றதும் அழுத்தம் குறைந்து, வெளியே தேங்கிய கழிவை ஓட்டை வழியாக உள்ளே இழுத்துக்கொள்ளும். மறுநாள் காலை அதுதான் முதலில் நம் குடத்துக்கு வரும். மஞ்சள் காமாலை வைரஸ்களில் 'ஏ', 'இ' என்னும் இரண்டும் பெரும்பாலும் இப்படித்தான் பரவுகின்றன. ஜன்னல் வழியாக நாங்கள் எறிந்தது குழாய் வழியாக எங்களிடமே திரும்பி வந்திருந்தது.

மகள் ஆறு வாரத்தில் தேறினாள். குழாயைச் சரிசெய்த அன்று அவரை உள்ளே வரச் சொன்னேன். பெயரைக் கேட்டேன். அத்தை ஒன்றும் பேசவில்லை. நாங்கள் குடிக்கும் எவர்சில்வர் டம்ளரில் தேநீர் ஊற்றி அவர்களே கொண்டுவந்து கொடுத்தார்கள். மறுநாள் ஜன்னல் விளிம்பில் அலுமினிய டம்ளர் இல்லை. அவருடைய பிள்ளைகள் இன்று வேறு வேலைகளில் இருக்கிறார்கள். ஆகையால் பெயரை இங்கே எழுதவில்லை.

வேதத்தில் உள்ள சுத்தம்

அதற்குப் பிறகுதான் வேதாகமத்தில் சுத்தம் பற்றி உள்ள பகுதிகளைத் தேடி வாசித்தேன். முதலில் ஒன்று தெரிந்தது. தெய்வபக்திக்கு அடுத்தது சுத்தம் என்று நாம் அடிக்கடி சொல்லும் வாசகம் வேதத்தில் எங்கும் கிடையாது. 18-ஆம் நூற்றாண்டில் ஜான் வெஸ்லி உடையைப் பற்றிய ஒரு பிரசங்கத்தில் எடுத்தாண்டதால் பரவிய சொல் அது.

வேதத்தில் இருப்பது வேறு மாதிரி. உபாகமம் 23-ஆம் அதிகாரத்தில், பாளயத்துக்கு வெளியே ஓர் இடம் வைத்து, ஒவ்வொருவனும் தன் ஆயுதங்களோடு ஒரு சிறு கோலும் வைத்திருந்து, மண்ணைத் தோண்டித் தன் கழிவைத் தானே மூட வேண்டும் என்று கட்டளை இருக்கிறது. போருக்குப் போகிற வீரனுக்கும் இதே விதிதான். இன்னொருவன் வந்து அள்ளுவான் என்ற பேச்சே இல்லை.

லேவியராகமம் 14-ஆம் அதிகாரத்தை மும்பை மழைக்காலத்தில் வாசித்துப் பாருங்கள். சுவரில் பச்சையாகவோ சிவப்பாகவோ படர்ந்தால் வீட்டுக்காரன் ஆசாரியனிடம் போய்ச் சொல்ல வேண்டும். சாமான்களை வெளியேற்றி, ஏழு நாள் வீட்டை அடைத்துவைத்து, பிறகும் படர்ந்திருந்தால் கல்லைப் பெயர்த்து, சுவரைச் சுரண்டி, புதிதாகப் பூச வேண்டும். திரும்பவும் வந்தால் வீட்டையே இடிக்க வேண்டும். ஒரு வீட்டுச் சுவர் ஊர் முழுவதற்குமான விஷயமாக அங்கே இருக்கிறது.

ஓய்வுநாள் பள்ளியில் ஒரு பையன் என்னிடம் கேட்டான்: "டீச்சர், கை கழுவாமல் சாப்பிட்ட சீஷர்களை இயேசு திட்டவே இல்லையே. எங்களை மட்டும் ஏன் கழுவச் சொல்கிறீர்கள்?" மாற்கு 7-ஆம் அதிகாரத்தைச் சரியாகவே படித்திருந்தான்! அங்கே நடந்தது கிருமியைப் பற்றிய விவாதம் அல்ல. கையைக் கழுவுகிறவன் கழுவாதவனைத் தீட்டுள்ளவன் என்று ஒதுக்கிய வழக்கத்தைப் பற்றிய விவாதம். பையனுக்கு அதை விளக்கி, சோப்பையும் கொடுத்தேன். எனக்கு மட்டும் அலுமினிய டம்ளர் நினைவுக்கு வந்தது. பரிசேயரின் பாத்திரங்களைப் பற்றி வாசிக்கும்போதெல்லாம் அது வராமல் போவதில்லை.

பெரிய வியாழன் தோறும் வாசிக்கும் யோவான் 13-ஆம் அதிகாரம் எல்லாருக்கும் தெரிந்ததே. செம்மண் தெருவில் நடந்து வந்தவர்களின் காலைக் கழுவுவது அன்று வேலைக்காரர் செய்யும் வேலை. ஆண்டவர் துண்டைக் கட்டிக்கொண்டு அதைத்தான் செய்தார். அந்த வேலையைச் செய்கிறவருக்குத் தனி டம்ளர் வைத்துவிட்டு, நாம் வெள்ளை உடுப்போடு எந்த முகத்தோடு அவர் சந்நிதியில் நிற்பது?

சட்டமும் நாமும்

மனிதக் கழிவை மனிதர் கையால் அள்ளும் வேலையைத் தடைசெய்து 1993-லும், மேலும் விரிவாக 2013-லும் சட்டங்கள் வந்தன. பாதாளச் சாக்கடையில் இறங்கி இறந்தவர்களின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014-ல் சொன்னது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. நம் தமிழர் பெருமளவில் குடியேறி வாழ்ந்த கோலார் தங்கவயலில், துப்புரவுத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்த பெசவாடா வில்சன், இந்த வேலையை ஒழிக்கப் போராடியதற்காக 2016-ல் மகசேசே விருது பெற்றார். சட்டமும் இருக்கிறது, போராடியவர்களும் இருக்கிறார்கள். ஆனால் நம் வாசலில் நிற்பவரை நடத்தும் விதம் நம் கையில் இருக்கிறது.

இப்போது நாங்கள் நவி மும்பையில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். சென்ற ஆண்டு குடியிருப்போர் கூட்டத்தில், குப்பை எடுக்க வரும் பெண்கள் லிஃப்டைப் பயன்படுத்தக் கூடாது என்று ஒருவர் சொன்னார். பதினொரு மாடி! நான் எழுந்து, பழைய டம்ளர் கதையைச் சொன்னேன். சிலர் முகத்தைச் சுளித்தார்கள். முடிவு தள்ளி வைக்கப்பட்டது. அடுத்த கூட்டத்துக்கும் போவேன்.

வீட்டில் செய்யக்கூடியவை

அன்பான சகோதரிகளே, சகோதரர்களே, என் அனுபவத்தில் சில சொல்கிறேன்:

குடிதண்ணீரை, குமிழி விட்டுத் தளதளவென்று கொதிக்க ஆரம்பித்த பிறகு ஒரு நிமிடமாவது அடுப்பில் வைத்திருங்கள். மழைக்காலத்தில் இதில் சமரசமே வேண்டாம்.

கக்கூஸ் போய் வந்த பிறகும், சமைக்கும் முன்பும், பிள்ளைக்கு ஊட்டும் முன்பும் சோப்புப் போட்டு 20 விநாடி கை கழுவுங்கள்.

ஈரக் குப்பையையும் உலர்ந்த குப்பையையும் வீட்டிலேயே பிரித்து வையுங்கள். 2016-ல் வந்த விதிகளும் இதையே சொல்லின. நாம் பிரிக்காததை இன்னொருவர் வெறுங்கையால் பிரிக்கிறார்.

உடைந்த கண்ணாடி, பிளேடு, ஊசி இவற்றைத் தடித்த காகிதத்தில் சுற்றி, மேலே எழுதிக் கொடுங்கள். நாப்கின், டயாபர் போன்றவற்றையும் தனியே சுற்றிக் கொடுங்கள்.

கக்கூஸ் கழுவும் ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் சேர்த்துக் கொட்டாதீர்கள். குளோரின் வாயு கிளம்பும். மூடிய அறையில் உயிருக்கே ஆபத்து.

கக்கூஸ் கழுவுவதை வீட்டுப் பெண்கள் தலையிலோ வேலைக்காரர் தலையிலோ மட்டும் கட்டாதீர்கள். எங்கள் வீட்டில் ஞாயிறு முறை என் பேரனுடையது.

கடைசியாக, உங்கள் வீட்டுக் குப்பையை எடுத்துச் செல்பவரின் பெயர் உங்களுக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் நாளைக் காலையே கேளுங்கள். தேநீர் கொடுத்தால், நீங்கள் குடிக்கும் டம்ளரிலேயே கொடுங்கள். இந்துவோ, முஸ்லிமோ, கிறிஸ்தவரோ, இது எல்லா வீட்டுக்கும் பொருந்தும். எனக்கு ஏழு ஆண்டும், என் பிள்ளையின் ஒரு நோயும் தேவைப்பட்டன. உங்களுக்கு அவ்வளவு நாள் ஆக வேண்டாம்.