மின்கட்டணம் ஏன் ஏறிற்று?

மாணவர்களே, 2023-ஆம் ஆண்டு பிப்ரவரித் தொடக்கத்தில் ஒரு நாள், கோவையில் என் மகன் குடியிருக்கும் அடுக்குமாடி வீட்டில் ஒரு சிறு வழக்கு எழுந்தது. இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை எடுக்கும் மின்கணக்கு வந்திருந்தது. முந்தைய தடவை 380 யூனிட்டுக்கு ரூ. 1,035, இப்போதோ 660 யூனிட்டுக்கு ரூ. 3,290. குற்றவாளியாக நிறுத்தப்பட்டவள் என் பேத்தி. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுக்காக அவள் நள்ளிரவு வரை விளக்கெரித்துப் படித்து வந்தாள். தீர்ப்புக் கூறியவன் நானே. "பத்து மணிக்குமேல் உன் அறையில் விளக்கு எரியக் கூடாது, அம்மா" என்றேன். அவள் மறுமொழி கூறவில்லை. மறுநாள் இரவு தண்ணீர் குடிக்க எழுந்தபோது வெளிக்கதவு சற்றே திறந்திருக்கக் கண்டேன். மாடிப்படியில், குடியிருப்போர் எல்லார்க்கும் பொதுவான விளக்கின்கீழ் அமர்ந்து அவள் பௌதிகம் படித்துக்கொண்டிருந்தாள்.

பல்லாண்டு அறிவியல் கற்பித்த நான், கணக்குப் போடாமலே தீர்ப்புக் கூறிவிட்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது. யூனிட் என்பது யாது? ஆயிரம் வாட் ஆற்றலுள்ள கருவி ஒன்று ஒரு மணி நேரம் இயங்கினால் செலவாகும் மின்சாரம். அவளுடைய எல்.இ.டி. விளக்கு 9 வாட். நாள்தோறும் ஐந்து மணி நேரம், அறுபது நாள் எரிந்தாலும் 2.7 யூனிட்டே ஆகும். ஏறியதோ 280 யூனிட்! அவள் தூங்காமலே படித்திருந்தாலும் இக்கணக்கு நேராகாது.

யூனிட் இரு மடங்குகூட ஆகவில்லை. பணம் மட்டும் மும்மடங்கானது எங்ஙனம் என்று நீங்கள் கேட்கலாம். 2022 செப்டம்பரில் தமிழ்நாட்டில் நடப்புக்கு வந்த கட்டண முறையில், மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டாத வீட்டுக்கு முதல் 100 யூனிட் இலவசமாக இருந்தது. அடுத்த நூறு, யூனிட் ஒன்றுக்கு ரூ. 2.25, அதற்கடுத்த இருநூறு ரூ. 4.50 என்று இருந்தது. ஐந்நூறைத் தாண்டிவிட்டாலோ, அந்த இரண்டாம் நூறுக்கே ரூ. 4.50 கொடுக்கவேண்டியிருந்தது, மேலேறும் நூறுகளுக்கு 6, 8, 9 என்று விகிதம் ஏறிக்கொண்டே போயிற்று. ஆகவே, கட்டணத் தொகையை நோக்கிக் காரணம் தேடுவோர் வழி தவறுவர். யூனிட்டையே நோக்கவேண்டும்.

காலையில் பேத்தியை அழைத்துக்கொண்டு, கீழ்த்தளத்தில் எல்லா வீட்டு மின்மானிகளும் வரிசையாக இருக்கும் அறைக்குச் சென்றேன். மின்மானியின் முகப்பில் ஒரு சிறிய சிவப்பு விளக்கு துடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். எங்கள் மின்மானியில், 3,200 துடிப்புக்கு ஒரு யூனிட் என்று பொறித்திருந்தது. முதலில் அவள் மாடிக்குப் போய் மெயின் சுவிட்சை அணைத்தாள். துடிப்பு நின்றது. நின்றிராவிட்டால், மின்மானிக்கும் வீட்டுக்கும் இடையில் வேறு யாருடைய கம்பியோ, படிக்கட்டு விளக்கோ இணைந்திருக்கிறதென்று ஐயுறலாம். அல்லது அது நம் மின்மானியே அன்று என்றும் இருக்கலாம். அடுக்குமாடிகளில் இத்தகைய குழப்பம் அரிதன்று. மெயினைப் போட்டு, கருவிகளை எல்லாம் அணைத்த பின்னும் துடிப்பு நிற்கவில்லையானால், கம்பியில் மின்கசிவு இருக்கக்கூடும். அதை நாமே தொட்டுப் பார்க்கலாகாது. தேர்ந்த மின்பணியாளரை உடனே அழைத்தல் வேண்டும்.

எங்கள் வீட்டில் அவ்விரண்டும் இல்லை. ஆகவே இரவை ஆராய்ந்தோம். முதல் நாள் இரவு பத்து மணி முதல் காலை ஐந்து வரை ஒருவரும் ஒன்றையும் தொடவில்லை; மின்மானி ஏறத்தாழ 2 யூனிட் ஓடியிருந்தது. மறுநாள் இரவு கீசரை மட்டும் அணைத்து வைத்தோம். அரை யூனிட்டுக்கும் குறைவாகவே ஓடிற்று. எஞ்சிய அந்தச் செலவு குளிர்பதனப் பெட்டியினுடையது.

கீசரை இரவும் பகலும் போட்டு வைத்தவன் யார்? மார்கழிக் குளிரில் நான்கு மணிக்கே எழுந்து வெந்நீரில் குளிக்கும் நான்தான். எனினும், மூடிய கலத்திலுள்ள வெந்நீர் சூட்டை இழப்பது இவ்வளவு விரைவாக நிகழாது. "தாத்தா, சூடு போகவில்லை; தண்ணீரே போகிறது போலும்" என்றாள் பேத்தி.

குளியலறைக் குழாய் ஐப்பசி முதலே நூலிழைபோல் ஒழுகிக்கொண்டிருந்தது. அடியில் ஒரு வாளியை வைத்து, அந்நீரைத் தரை துடைக்கப் பயன்படுத்தி வந்தோம். ஒரு சொட்டும் வீணாகவில்லை என்ற பெருமிதம் வேறு! தண்ணீரும் வெந்நீரும் ஒரே வாய் வழியாக வரும் குழாய் அது. ஒழுகியது வெந்நீர்ப் பக்கம். சுவருக்குள் மெல்ல ஊர்ந்து வந்ததால் வெதுவெதுப்பாகவே வந்தது. வாளியில் சேர்ந்ததும் ஆறிவிட்டது. கீசரைச் சிறிது நேரமே போட்ட மாதங்களில் இவ்வொழுக்கால் மின்செலவு மிகுதியாகவில்லை. நான் அதை ஓயாமல் போட்டு வைத்தபோதோ, ஒழுகிய ஒவ்வொரு லிட்டருக்கும் ஈடாகக் குளிர்நீர் உள்ளே புகுந்தது. கீசர் அதைச் சுடவைத்துக்கொண்டே இருந்தது.

பேத்தி அளவுக் குவளையை வைத்துப் பார்த்தாள். பத்து நிமிடத்தில் 700 மில்லி லிட்டர். நாளொன்றுக்கு ஏறத்தாழ 100 லிட்டர். பிறகு அவளே நோட்டை விரித்தாள். ஒரு கிலோ நீரை ஒரு பாகை சூடேற்ற 4,200 ஜூல் வேண்டும். நூறு கிலோவை 25 பாகையிலிருந்து 65 பாகைக்கு ஏற்ற 168 லட்சம் ஜூல். ஒரு யூனிட் 36 லட்சம் ஜூல். வகுத்தால், நாளொன்றுக்கு 4.67 யூனிட். அறுபது நாளைக்கு 280!

விடை இவ்வளவு துல்லியமாகப் பொருந்தியதில் சற்றுத் தற்செயலும் உண்டு என்றுதான் கருதுகிறேன். கலத்தின் சூடும் தொட்டி நீரின் குளிர்ச்சியும் நாங்கள் மதிப்பிட்டவையே தவிர, அளந்தவை அல்ல. ஆயினும் காரணம் அதுவே என்பதில் ஐயமில்லை. அன்று மாலை குழாய்ப் பணியாளர் வந்து, தேய்ந்துபோன ரப்பர் வாஷரை மாற்றினார். கீசரைக் குளிப்பதற்குக் கால் மணி முன்னரே போடுவதென்று நான் ஒப்புக்கொண்டேன். பேத்தியிடம், "தவறு என்னுடையது, அம்மா" என்றேன். அவள் சிரித்துவிட்டு, மாடிப்படியில் கிடந்த தன் பாயைச் சுருட்டி எடுத்துவந்தாள்.