துறைமுகமும் அபாயப் பொருள்களும்

பண்டாரவளை மலைச்சாரலிற் கொய்யப்படும் தேயிலை கொழும்புத் துறைமுகம் வழியாகவே பிறநாடு செல்கின்றது. தேயிலை ஏறும் அத்துறைமுகத்திலேயே அமிலங்களும் எரிபொருள்களும் வந்திறங்குகின்றன. ஒன்றால் மற்றொன்றுக்கு ஊறு நேராவண்ணம் காப்பன சில விதிகளாம். அவ்விதிகளின் இயல்பையும், அவை வலுவிழக்கும் இடத்தையும் ஈண்டு ஆராய்வாம்.

விதிகளுள் முதலாவது, பொருளின் பெயரை உள்ளவாறு உரைத்தல். 1965ஆம் ஆண்டில் ஏற்கப்பெற்று, 2004ஆம் ஆண்டு முதற் கட்டாயமாக்கப்பட்ட அனைத்துலகக் கடல்வழி அபாயப் பொருட் கோவை, அபாயப் பொருள்களை ஒன்பது வகுப்புக்களாகப் பிரிக்கின்றது. வெடிபொருள், வாயு, எரிதிரவம், எரிதிண்மம், ஒட்சியேற்றும் பொருள், நஞ்சு, கதிரியக்கப் பொருள், அரிக்கும் பொருள், ஏனையவை என்பன அவை. பொருள்களுக்கு நான்கிலக்க எண்களும் உண்டு. 2031 என்பது நைத்திரிக்கமிலத்தைக் குறிப்பது. பிறமொழி எழுத்தறியாத தொழிலாளியும் சாய்சதுர அடையாளத்தைக் கண்டு எச்சரிக்கை பெறுவான்.

இரண்டாவது, பகைப்பொருள்களைப் பிரித்து வைத்தல். பஞ்சையும் நெருப்பையும் அருகருகே வைத்தலாகாது என்பது நம்மவர் வழக்கு. 1944ஆம் ஆண்டு ஏப்பிரல் 14ஆம் நாள் பம்பாய்த் துறைமுகத்தில் நின்ற ‘போட் ஸ்ரிக்கின்’ என்னும் கப்பலில், ஏறத்தாழ 1,400 தொன் வெடிபொருளோடு பருத்திப் பொதிகளும் ஏற்றப்பட்டிருந்தன. பருத்தியிற் பற்றிய தீ வெடிபொருளை எட்டவே கப்பல் வெடித்தது, நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். பிரித்து வைத்தலின் இன்றியமையாமைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

எனினும், பெயரிடுதலும் பிரித்தலும் மட்டும் போதுமோ? 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் ‘எக்ஸ்பிரஸ் பேர்ள்’ என்னும் கப்பல் 1,486 கொள்கலன்களுடன் கொழும்பை நோக்கி வந்தது. அதில் 25 தொன் நைத்திரிக்கமிலம் இருந்தது. அமிலக் கொள்கலன் ஒன்று ஒழுகுவது வழியிலேயே அறியப்பட்டது. கட்டார் நாட்டு ஹமாத் துறைமுகத்திலும், இந்தியாவின் ஹசீராத் துறைமுகத்திலும் அதனை இறக்க முயன்றும், தக்க வசதியில்லையென்று மறுக்கப்பட்டதாகக் கப்பல் நடத்துநர் கூறினர். கொழும்புக்கு அப்பால் நங்கூரமிட்டிருந்த அக்கப்பலில் மே 20ஆம் நாள் தீ மூண்டது. யூன் 2ஆம் நாள் அது அமிழத் தொடங்கிற்று. பல நூறு தொன் பிளாத்திக்குச் சிறுமணிகள் மேற்குக் கரையெங்கும் ஒதுங்கின. மீன்பிடி தடைப்பட்டு மீனவர் பிழைப்பிழந்தனர்.

2025ஆம் ஆண்டு யூலை மாதத்தில் இலங்கை உயர் நீதிமன்றம், ஒழுக்குப் பற்றிய உண்மை உரிய காலத்தில் அறிவிக்கப்படாமையைச் சுட்டி, நூறு கோடி அமெரிக்க டொலர் இழப்பீடு செலுத்துமாறு பணித்தது.

இங்கே பொருளுக்குப் பெயர் இருந்தது, எண்ணும் இருந்தது. இல்லாதது, குறையை உடனே உரைக்கும் வாயும், உரைத்தவரை ஏற்றுத் தீங்கை நீக்கும் கையுமே. உண்மை உரைத்த கலத்தைத் திருப்பிவிடும் துறைமுகம், அடுத்து வருங் கலத்துக்கு மௌனத்தையே கற்பிக்கும். ஆதலின் ஒழுகும் கொள்கலனை ஏற்றுச் செப்பனிடும் இடமும், பயிற்சி பெற்ற ஆளும், கருவியும் பெருந்துறைமுகந்தோறும் இருத்தல் வேண்டும். அம்மூன்றாம் கடமை நிறைவேறும்போதே முன்னைய விதிகள் இரண்டும் பயன்தரும்.