உங்களுக்குத் தெரியுமா? பொங்காலை நாளும் சிறுநீர்க் கசிவும்

ஆற்றுக்கால் பகவதி கோயிலுக்குப் பெண்கள் பொங்கலிடும் ஆற்றுக்கால் பொங்காலையன்று, திருவனந்தபுரத்தின் ஸ்ரீவராகம் பகுதி வரை தெருவெல்லாம் அடுப்புதான். 2009இல் கூடிய 25 லட்சம் பெண்கள் கின்னஸில் இடம்பெற்றார்கள். இத்தனை கூட்டத்தில், தும்மினாலோ குடத்தைத் தூக்கினாலோ சிறுநீர் கசியும் பெண்ணுக்குத் தண்ணீரே வேண்டாம் என்றுதான் தோன்றும். அது வினை: அடர்ந்த சிறுநீர், சிறுநீர்ப்பையை உறுத்தி அவசரத்தைக் கூட்டலாம். மலச்சிக்கலும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

இந்தக் கசிவைக் குறைக்க வழி உண்டு: பிரசவத்தில் தளர்ந்த இடுப்புத்தளத் தசையைப் பயிற்சியால் வலுவாக்கலாம் என்று அமெரிக்க மருத்துவர் ஆர்னால்ட் கெகல் 1948இல் எழுதினார். சிறுநீரை அடக்குவதுபோல் சில விநாடி இறுக்கி, பிறகு தளர்த்த வேண்டும். ஒரு வேளைக்கு 8 தடவை, தினம் 3 வேளை. பலன் தெரிய 3 மாதம் ஆகலாம். சிறுநீர் கழிக்கும்போதே நிறுத்திப் பழகுவது மட்டும் கூடாது. எரிச்சலோ ரத்தமோ இருந்தால் முதலில் மருத்துவர்தான்.