மூலைமட்டமும் கவராயமும்: ஃபிரீமேசன் சங்கத்தில் அப்படி என்னதான் இருக்கு?



முதல் வருஷம் இன்ஜினியரிங் டிராயிங் வகுப்புக்கு வாங்கின டப்பாவைத் திறந்து பாருங்க. அதில் ஒரு கவராயம் இருக்கும். அதை விரித்து, கொத்தனாரின் மூலைமட்டத்தின் மேல் வைத்தால் ஒரு வடிவம் வரும். எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கா? "இல்லுமினாட்டி ரகசியம்" என்று வரும் யூடியூப் வீடியோக்களில் பார்த்திருப்பீங்க. உண்மையில் அது ஃபிரீமேசன் சங்கத்தின் சின்னம். இல்லுமினாட்டி வேறு. 1776ல் ஜெர்மனியின் பவேரியாவில் தொடங்கி, பத்து வருஷத்துக்குள்ளேயே அரசு தடை போட்டதால் முடிந்துபோன அமைப்பு அது.

சரி, ஃபிரீமேசன் என்றால் யாரு? ஆண்கள் மட்டும் சேரும் ஒரு சகோதரச் சங்கத்தில் டாக்டரும் வக்கீலும் வியாபாரியும் ஏன் போய்ச் சேருறாங்க? நாளைக்கு நம்மையும் ஏதாவது ஒரு சங்கம் கூப்பிடும். அப்போ எதைப் பார்த்து முடிவெடுக்கணும்? அதுக்குத்தான் இந்தக் கட்டுரை.

கொத்தனார் கருவியில் பிறந்த பாடம்

ஐரோப்பாவில் பெரிய தேவாலயங்களைக் கட்டிய கல் கொத்தனார்கள், வேலை நடக்கும் இடத்தில் ஒரு கொட்டகை போட்டுக்கொள்வார்கள். அதற்குப் பெயர் லாட்ஜ். (நம்ம ஊரில் லாட்ஜ் என்றால் ரூம் போடுற இடம். இங்கே அந்த அர்த்தம் இல்லை!) காலப்போக்கில் கல்லையே தொடாத ஆட்களும் அந்தக் குழுக்களில் சேர ஆரம்பித்தார்கள். 1717 ஜூன் 24 அன்று லண்டனில் நான்கு லாட்ஜ்கள் ஒன்றுகூடி ஒரு தலைமைச் சங்கம் அமைத்தன. இன்றைய ஃபிரீமேசன் அமைப்பு அங்கிருந்துதான் தன் வரலாற்றைச் சொல்லுது.

கட்டட வேலை போனாலும் கருவிகள் போகவில்லை. அவை ஒழுக்கப் பாடமாக மாறின. மூலைமட்டம்: நடத்தை கோணாமல் இருக்கணும். மட்டம்: மனிதர்கள் எல்லாரும் சமம். தூக்குக்குண்டு: நேர்மை. கவராயம்: ஆசைக்கு ஒரு எல்லை வட்டம் போடு. 24 அங்குல அளவுகோல்: ஒரு நாளின் 24 மணி நேரத்தை வழிபாடு, உழைப்பு, ஓய்வு, பிறருக்கு உதவி என்று பிரித்துக்கொள். முதல் படியில் சேருபவருக்கு இந்த அளவுகோல் பாடம் உண்டு. மொத்தம் மூன்று படிகள். ஒவ்வொன்றையும் கற்றுக்கொண்டுதான் அடுத்ததுக்குப் போகணும்.

வில்லியனூரில் வீடு கட்டுற எந்த இடத்துக்கு வேணும்னாலும் போய் நில்லுங்க. கொத்தனார் கண்ணளவை மட்டும் நம்ப மாட்டார். தூக்குக்குண்டு விட்டுப் பார்ப்பார், ரசமட்டம் வைத்துப் பார்ப்பார். சுவருக்கு இவ்வளவு சோதனை வைக்கிற நாம், நம் குணத்துக்கு என்ன சோதனை வைக்கிறோம்? ஃபிரீமேசன் பாடத்தின் அடிப்படைக் கேள்வி இதுதான்.

ஈர்ப்பு எங்கே இருக்கு?

சகோதர அன்பு, உதவி, உண்மை. இந்த மூன்றும்தான் அவர்களின் கொள்கை. கேட்க நல்லாத்தான் இருக்கு, ஆனால் எந்தச் சங்கமும் இதைத்தானே சொல்லும்? இங்கே கவனிக்க வேண்டியது கொள்கையைவிட நடைமுறையை.

முதலாவது, கூட்டத்தில் அரசியல், மத விவாதம் கூடாது. பிரிக்கிற பேச்சை வாசலிலேயே விட்டுட்டு வரணும். இரண்டாவது, பதவி சுற்றி வரும். லாட்ஜின் தலைவர் பொறுப்பு பொதுவாக ஒரு வருஷம்தான். வெளியே பெரிய அதிகாரியாக இருப்பவர், உள்ளே தன் குமாஸ்தா தலைமையில் உட்கார நேரலாம். மூன்றாவது, உறுப்பினர் இறந்தால் குடும்பம் தனியாக விடப்படாது. 1788லேயே லண்டனில் இதற்காகப் பெண் குழந்தைகளுக்கு ஒரு பள்ளி தொடங்கினார்கள்.

இன்னொன்றும் இருக்கு. காலேஜ் முடிந்ததும் நம்ம கிளாஸ் வாட்ஸ்அப் குரூப் என்ன ஆகும்? ஒரு வருஷத்தில் பிறந்தநாள் வாழ்த்து மட்டும் மிஞ்சும். பசங்களுக்குள்ளே "மச்சான், எனக்கு மனசு சரியில்லடா"ன்னு சொல்ல வாய் வராது. காரணம் இல்லாமல் போய்ப் பார்க்கவும் கூச்சம். அந்தக் காரணத்தை ஒரு சங்கம் கொடுக்குது. குறிப்பிட்ட நாள், குறிப்பிட்ட இடம், வரலைன்னா "ஏன் வரலை"ன்னு கேட்க நாலு பேர். வயது வந்த ஆண்களை இப்படிப்பட்ட சங்கங்களுக்கு இழுப்பதில் ரகசியத்தைவிட இதற்குத்தான் பங்கு அதிகம் என்று எனக்குத் தோணுது.

கதவுக்கு வெளியே நின்றவர்கள்

இந்தியாவுக்கு இது புதுசு இல்லை. மெட்ராஸில் 1752லேயே லாட்ஜ் வந்துவிட்டது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் புதுச்சேரியிலும் பிரெஞ்சுக்காரர்களின் லாட்ஜ் இருந்தது. 1770களில் திருச்சிராப்பள்ளியில் ஆற்காட்டு நவாபின் மகன் உம்தத்-உல்-உமரா சேர்க்கப்பட்டார்.

ஆனால் "எல்லாரும் சமம்" என்ற மட்டப்பலகை எல்லாருக்கும் ஒரே மாதிரி வைக்கப்படவில்லை. கல்கத்தாவில் பிரசன்ன குமார் தத் என்ற வணிகர் 1863ல் சேர விண்ணப்பித்தார். சேருபவருக்கு ஒரே இறைவன் மேல் நம்பிக்கை வேண்டும், இந்துக்கள் பல தெய்வங்களை வணங்குபவர்கள் என்று காரணம் சொல்லிக் கதவை அடைத்தார்கள். அவர் விடவில்லை. லண்டன் தலைமை வரை வாதாடினார். ஒன்பது வருஷம் கழித்து, 1872ல் உள்ளே போனார். 1884ல் அதே ஊரில் நரேந்திரநாத் தத் என்ற இளைஞரும் சேர்ந்தார். பின்னாளில் அவரை உலகம் சுவாமி விவேகானந்தர் என்று அழைத்தது. 1961 நவம்பர் 24 அன்று இந்தியாவுக்கென்று தனித் தலைமைச் சங்கம் உருவானது. இந்திய லாட்ஜ்களில் இன்று பல மதங்களின் புனித நூல்கள் ஒரே பீடத்தில் திறந்து வைக்கப்படுகின்றன. ஒருத்தர் பொறுமையா கதவைத் தட்டினதுக்கும் இதில் பங்கு உண்டு.

இன்னொரு கதவு இன்னும் மூடியே இருக்கு. இந்தத் தலைமைச் சங்கத்தில் பெண்கள் சேர முடியாது. ஆண், பெண் இருவரையும் சேர்க்கும் தனிப் பிரிவு 1893ல் பாரிஸில் தொடங்கியது. அன்னி பெசன்ட் 1902ல் அதில் சேர்ந்தார். ரோட்டரி சங்கமும் 1905ல் ஆண்கள் சங்கமாகத்தான் தொடங்கியது. 1989ல் விதியை மாற்றிப் பெண்களைச் சேர்த்தது. அதனால் அங்கே நட்பு குறைந்துவிடவில்லை. ஆண்கள் தங்களுக்குள் மனம் விட்டுப் பேச ஒரு இடம் வேண்டும் என்பது நியாயம்தான். ஆனால் வாய்ப்பும் தொடர்பும் அந்த அறைக்குள்ளேயே பங்கு போடப்பட்டால், வெளியே நிற்கும் நம்ம வகுப்புத் தோழிக்கு அது நியாயமா?

சேரும் முன் மூன்று சோதனை

ஃபிரீமேசன் ஆகட்டும், ரசிகர் மன்றம் ஆகட்டும், சாதிச் சங்கம் ஆகட்டும், ஹாஸ்டலில் சீனியர் நடத்தும் "கேங்" ஆகட்டும். சேரும் முன் இந்த மூன்றையும் கேளுங்க.

1. யாரை வெளியே நிறுத்துது, ஏன்? சகோதரன் என்று சொல்ல ஒரு எதிரி தேவைப்பட்டால் அது சகோதரத்துவம் இல்லை.

2. பணம் எங்கே போகுது? சந்தாவுக்குக் கணக்கு காட்டுறாங்களா? "இல்லுமினாட்டியில் சேரு, கோடீஸ்வரன் ஆகு, முதலில் பதிவுக் கட்டணம் அனுப்பு" என்று மெசேஜ் வந்தால் சந்தேகமே வேண்டாம், மோசடி. உண்மையான லாட்ஜ் பணக்காரன் ஆக்குறேன்னு ஆசை காட்டி ஆள் பிடிக்காது. விருப்பம் உள்ளவர்தான் போய்க் கேட்கணும் என்பது அவர்களின் பழைய மரபு.

3. தப்பு செய்தால் உன்னைத் திருத்துமா, மறைக்குமா? "நம்ம பையன்" என்று மூடி மறைக்கும் கூட்டம் நாளைக்கு உன்னையும் தப்புக்குத் துணை கேட்கும்.

ஃபிரீமேசன் சங்கத்தில் சேரப் பொதுவாக 21 வயது ஆகணும், இறைநம்பிக்கையும் வேண்டும். அதுவரைக்கும் காத்திருக்கத் தேவையில்லை. ரோட்டராக்ட், நாட்டு நலப்பணித் திட்டம் போன்றவற்றில் 18 வயதிலேயே பையன், பொண்ணு வித்தியாசமில்லாமல் சேரலாம். நம்ம வில்லியனூர் திருக்காமீஸ்வரர் தேரையே எடுத்துக்குங்க. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் கவர்னர் வந்து வடம் பிடிப்பார், இன்றும் துணைநிலை ஆளுநர் வருகிறார். ஆனால் கவர்னர் மட்டும் இழுத்தால் தேர் நகராது. கூட நிற்கும் முகம் தெரியாத ஆயிரம் கைகள் வேணும்.

எந்தச் சங்கத்தில் சேர்ந்தாலும் சரி, அந்தக் கைகளில் ஒன்றாக உங்களை ஆக்குதான்னு மட்டும் பாருங்க.