கருவியின் மேல் யார் பெயர்?

ஒரு கிட்டாரைக் கையில் எடுத்துப் பாருங்கள். கம்பிகளை முறுக்கும் திருகுகளுக்கு நடுவே, அதன் தலைப்பகுதியில் ஒரு பெயர் இருக்கும். அது வெளிநாட்டுக் கம்பெனியின் பெயராகவோ உள்ளூர்க் கம்பெனியின் பெயராகவோ இருக்கலாம். ஒருவரே கையால் செய்த கிட்டாராக இருந்தால், நடுவில் உள்ள வட்டத் துளைக்குள் பெரும்பாலும் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். அதில் செய்தவர் பெயர், ஊர், ஆண்டு மூன்றும் இருக்கும்.

இப்போது ஒரு மிருதங்கத்தைத் திருப்பிப் பாருங்கள், ஒரு பறையைப் பாருங்கள். வாசிப்பவரின் பெயரை மேடையில் சொல்கிறார்கள். தோலைப் பதப்படுத்தி, இழுத்துக் கட்டி, நாதம் வரும்வரை உட்கார்ந்து வேலை செய்தவரின் பெயர் எங்கே இருக்கிறது?

ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பகுதிப் பிள்ளைகளுக்குக் கிட்டார் புதிதல்ல. இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ 2018 ஜனவரியில் சென்னையில் மேடையேறியபோது கானாவும் பறையும் கிட்டாரும் ஒன்றாக ஒலித்தன. குழுவின் பெயருக்குப் பின்னால் இருப்பது அயோத்திதாச பண்டிதரின் சாதிபேதமற்ற தமிழர் என்ற சிந்தனை. வாசிப்பதில் நம் பிள்ளைகள் ஓர் இடத்தைப் பிடித்துவிட்டார்கள். அடுத்து, அந்தக் கிட்டாரை நம் கையாலேயே செய்து பார்க்கலாம்.

ஸ்டீல் கம்பி கிட்டாரின் ஆறு கம்பிகளையும் சுருதிக்கு முறுக்கினால், அவை சேர்ந்து இழுக்கும் விசை சுமார் 70 கிலோ. வளர்ந்த ஓர் ஆளைத் தொங்கவிட்டதற்குச் சமம். இதைத் தாங்கும் முன்பலகையின் கனமோ சுமார் 3 மில்லிமீட்டர்தான். கனத்தைக் கூட்டினால் பலகை அதிராது, ஓசை செத்துவிடும். குறைத்தால் பலகை புடைத்து, ஒரு நாள் பிளந்துவிடும். அதனால் பலகையின் உட்புறம் பெருக்கல் குறிபோல இரண்டு மரச்சட்டங்களை ஒட்டி வலுவூட்டுகிறார்கள். பக்கப் பலகையை 2 மில்லிமீட்டர் அளவுக்கு இழைத்து, நனைத்து, சூடான இரும்புக் குழாயின்மேல் அழுத்தி மெல்ல வளைக்க வேண்டும். அவசரப்பட்டால் முறியும். கம்பியின் இழுப்பில் கழுத்து வளையாமலிருக்க, அதற்குள் ஓர் எஃகுக் கம்பியைப் பதிக்கிறார்கள்.

கழுத்தின் குறுக்கே பதிக்கும் ஃபிரெட்டுகளுக்கு ஒரு கணக்கு உண்டு. மாணவர்கள் இதைப் போட்டுப் பார்க்கலாம். கம்பியின் அளவு 645 மில்லிமீட்டர் என்றால், அதை 17.817-ஆல் வகுக்க வேண்டும். விடை 36.2. முதல் ஃபிரெட் அந்தத் தூரத்தில் வரும். மீதமுள்ள நீளத்தை மறுபடியும் அதே எண்ணால் வகுத்தால் அடுத்த ஃபிரெட்டின் இடம் கிடைக்கும். இப்படியே போனால் 12-ஆவது ஃபிரெட் சரிபாதியில், 322.5 மில்லிமீட்டரில் வந்து நிற்கும். அரை மில்லிமீட்டர் பிசகினாலும் காது கண்டுபிடித்துவிடும்.

இது நம்மால் ஆகாத வேலையா? ஐடிஐ முடித்து வெர்னியர் பிடித்த கைக்கு அரை மில்லிமீட்டர் என்றால் என்னவென்று தெரியும். காசிமேட்டில் மரப்படகு பழுது பார்க்கும் தச்சருக்குப் பலகையின் போக்கு தெரியும். மரமும் கிடைக்கும். துறைமுகத்தில் சரக்கோடு இறங்கும் பைன் மரப் பலகைகள் பழைய மரக் கடைகளுக்கு வருகின்றன. அவற்றில் கை பழகலாம். ‘எம்.பி.’ என்று முத்திரை இருந்தால் அது மருந்தடித்த பலகை, தொட வேண்டாம். ‘எச்.டி.’ என்றிருந்தால் சூடேற்றிப் பக்குவப்படுத்தியது. பின்பலகைக்கும் பக்கங்களுக்கும், பல வருடம் காய்ந்த பழைய கட்டில், அலமாரி மரம் போதும்.

நமக்குள்ள பெரிய எதிரி கடற்காற்று. ஈரமான நாளில் ஒட்டிய பலகை, காய்ந்த ஊருக்குப் போனதும் சுருங்கி வெடிக்கும். கிட்டார் செய்பவர்கள் அறையின் ஈரப்பதத்தை 45 சதவீதத்தை ஒட்டி வைத்துக்கொள்வார்கள். குளிரூட்டிய அறை இல்லாதவர்கள், குண்டு பல்பு எரியும் மூடிய அலமாரிக்குள் மரத்தை வைத்திருந்து, வறண்ட நாளாகப் பார்த்து ஒட்டலாம்.

‘இது உன் வேலை இல்லை’ என்ற குரல் கிட்டாரின் வரலாற்றிலும் உண்டு. ஜெர்மனியின் மார்க்நொய்கிர்ஷன் ஊரில் 1796-இல் பிறந்த கிறிஸ்டியன் பிரெடரிக் மார்ட்டின், மரச்சாமான் செய்யும் தச்சர் சங்கத்துக் குடும்பத்தைச் சேர்ந்தவர். மேசை நாற்காலி செய்பவர்கள் கிட்டார் செய்யக் கூடாது, அந்த உரிமை தங்களுக்கே என்று வயலின் செய்வோர் சங்கம் மனுப் போட்டது. மனு தோற்றது. ஆனாலும் மார்ட்டின் 1833-இல் குடும்பத்தோடு நியூயார்க்குக்குக் கிளம்பிவிட்டார். அவர் தொடங்கிய கம்பெனிதான் இன்றும் ஸ்டீல் கம்பி கிட்டாரில் பேசப்படும் பெயர். 1969 முதல் அந்தக் கம்பெனி பயன்படுத்தி வருவது நம் நாட்டு ஈட்டி மரம். ஜெர்மனியின் தொழிற்சங்கச் சண்டை நம் சாதியைப் போன்றதல்ல. மார்ட்டின் கப்பலேறியதும் அது முடிந்துவிட்டது. நம் சாதி கப்பலிலும் ஏறி வரும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கிட்டாரை மரக்கருவி என்று நினைக்கிறோம். ஆனால் பழைய முறையில் அதை ஒட்டியது விலங்குத் தோலைக் காய்ச்சி எடுத்த பசை. கம்பிகள் படிந்து நிற்கும் இரண்டு முனைகளிலும் மாட்டெலும்பு வைப்பதுண்டு. அதற்காக யாரும் கிட்டாரைத் தீட்டு என்று ஒதுக்கியதில்லை, செய்தவரையும் ஒதுக்கியதில்லை.

மிருதங்கத்தில் பசு, ஆடு, எருமை மூன்றின் தோலும் உண்டு. அதைச் செய்பவர்களில் பெரும்பாலோர் தலித் கிறிஸ்தவர்கள். பாலக்காடு மணி ஐயரின் நாதத்துக்குப் பின்னால் செபாஸ்டியன் குடும்பத்துப் பர்லாந்தின் கை இருந்தது. இந்தக் குடும்பங்களின் வரலாற்றை டி.எம். கிருஷ்ணா 2020-இல் நூலாக எழுதினார். வெளியீட்டு விழாவுக்கு அரங்கம் தர ஒப்புக்கொண்டிருந்த கலாக்ஷேத்ரா, நூலின் ஒரு பகுதி நாளிதழில் வந்ததும் அனுமதியைத் திரும்பப் பெற்றது. விழா ஏசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசத்தில் நடந்தது. தோல் மேடையில் இருக்கலாம், தோலின் கதை மேடைக்கு வரக் கூடாது என்பதுதானே இதன் பொருள்?

முதல் கிட்டார் அழகாக அமையாது. ஒட்டில் இடைவெளி தெரியும், ஏதோ ஒரு சுரம் கொஞ்சம் பிசகும். இருக்கட்டும். பின்பலகையை மூடுவதற்கு முன் உள்ளே ஒரு சீட்டு ஒட்டுங்கள். அதில் உங்கள் பெயரையும் தெருவின் பெயரையும் ஆண்டையும் எழுதுங்கள். வீட்டில் அப்பாவோ தாத்தாவோ பறை செய்பவராக இருந்தால், அடுத்த பறையின் சட்டத்தில் அவர் பெயரையும் எழுதச் சொல்லுங்கள். மேடையில் அறிவிப்பவரிடம் வாசிப்பவர் பெயரோடு அந்தப் பெயரையும் சேர்த்துக் கொடுங்கள்.